மூச்சின் விலை

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் தாங்கலாம். மூச்சின்றிச் சில நிமிடங்களே அவனால் இருக்க முடியும். தொய்வு எனப்படும் ஆஸ்துமா நோயால் மூச்சுக்குழல்கள் சுருங்கும் வேளையில் நோயாளி நாடுவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு இன்ஹேலரையே. அதன் விலையை நிர்ணயிக்கும் உரிமை யாருக்குரியது என்னும் வினா பொருளியலுக்கு மட்டும் உரியதன்று; அறவியலுக்கும் உரியது.

சந்தை விலையை நியாயமானதென நாம் ஏற்பதற்கு ஓர் அடிப்படை உண்டு. விலை கூடின், வாங்க வந்தவன் வேண்டாமென்று திரும்பிச் செல்லலாம். அந்தச் சுதந்திரமே விற்பவனின் பேராசைக்குக் கடிவாளம். மூச்சுத் திணறுபவனுக்கோ அச்சுதந்திரம் இல்லை. அவன் சம்மதித்தே விலை கொடுத்தான் என்பது சொல்லளவில் மாத்திரமே உண்மையாகும்.

இதற்கு மறுப்பும் உண்டு. மருந்தைக் கண்டுபிடிக்கப் பல்லாண்டு உழைப்பும் பெரும்பொருளும் செலவாகின்றன; அச்செலவு மீளாவிடின் நாளைய மருந்து பிறவாது என்பர். இவ்வாதத்தைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. சல்பியூற்றமோல் என்னும் மருந்து 1966 இல் இங்கிலாந்தில் டேவிட் ஜாக் தலைமையிலான ஆய்வாளரால் ஒரு கம்பனியின் ஆய்வுகூடத்திலேயே உருவாக்கப்பட்டது. 1969 இல் வென்ரொலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அவ்வுழைப்புக்கு வெகுமதி நியாயமே. அவ்வெகுமதிக்கு எல்லை உண்டா என்பதே நம் வினா.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் இங்கு சிந்திக்கத்தக்கது. அங்கு இம்மருந்தின் ஆக்கவுரிமை காலாவதியாகி, மலிவான பொதுப்பெயர் இன்ஹேலர்கள் கிடைத்து வந்தன. அவற்றில் மருந்தை உந்திய குளோரோபுளோரோகாபன் வாயு ஓசோன் படையைச் சிதைப்பது. ஆதலின் 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையைத் தழுவி, 2008 டிசெம்பர் 31 உடன் அவ்வகை இன்ஹேலர்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. பின்வந்தவற்றிலும் மருந்து அதுவே. உந்துவாயுவும் கருவியுமே புதியன. எனினும் புதியவற்றுக்குப் புதிய ஆக்கவுரிமைகள் இருந்தமையால் மலிவான போட்டி மறைந்தது, விலை உயர்ந்தது. ஓசோன் படை மனித குலத்தின் பொதுச்சொத்து. அதைக் காத்தல் தகும். ஆனால் பொது நன்மைக்கான பாரத்தை மிக நலிந்தவனின் தோளில் ஏற்றுதல் நீதியாகுமா?

2024 இல், செனற் சபைக் குழுவொன்று விசாரணை தொடங்கிய பின்னர், மூன்று பெருங் கம்பனிகள், தகுதியுடைய நோயாளர் தம் கையிலிருந்து செலுத்தும் தொகை மாதம் 35 டொலருக்கு மேற்படாதென அறிவித்தன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் விரும்பித் தந்ததை விரும்பியபோது மீளவும் பெறலாம். ஈகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அதே ஆண்டு டிசெம்பரில் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, மருந்தைக் குறியாது கருவியை மட்டும் குறிக்கும் ஆக்கவுரிமைகள் மருந்துப் பதிவேட்டில் இடம்பெறத் தகாதன எனத் தீர்த்தது. போட்டிக்கு வழிதிறக்கும் இத்தகைய விதியே ஈகையினும் உறுதியானது.

நம் நாட்டுக்கு இவ்வினா புதிதன்று. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, 1971 இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராயிருந்து, மருந்துகளை வணிகப் பெயராலன்றிப் பொதுப்பெயராற் கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் முறையை வளர்த்தார். நோயைத் தணிப்பது பொருளே, பெயரன்று என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை.

கண்டுபிடித்தவனுக்குச் சமுதாயம் கடன்பட்டுள்ளது. அக்கடனைத் தீர்ப்பது அதன் பொறுப்பு. ஆனால் எக்கடனும் ஒருநாள் தீர்ந்தேயாக வேண்டும். தீர்ந்த கடனுக்கு மீண்டும் வட்டி கேட்பதும், அதனை மூச்சுக்குத் தவிப்பவனிடமே கேட்பதும் வணிகத்தின் விதியாயிருக்கலாம்; அறத்தின் விதியாகா.