போர்க்களம் கண்ட முன்னோரும் கொல்லா நோன்பும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டது நம் குடி. அக்குடியில் பிறந்த ஒருவர் போர்ப்படையில் பணிபுரிந்தார் என்னும் செய்தி அவர் வழித்தோன்றல்களுக்குத் தெரியவருமாயின், அதனை அவர்கள் என்ன செய்தல் வேண்டும்? மறைப்பதா? பெருமை கொள்வதா? தேடித் துருவி எழுதி வைப்பதா? இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் படையில் சேர்ந்தோர் தொகை ஏறத்தாழ 25 லட்சம். அவர்களுள் சென்னை மாகாணத்தார் மிகப் பலர். 1930-களில் நிலக்கடலை விலை வீழ்ந்து, ஆர்க்காட்டு மாவட்டங்களின் உழவர் இல்லங்கள் பல கடனில் அமிழ்ந்திருந்த நிலையில், மாதந்தோறும் வரும் சம்பளம் சிறிய ஈர்ப்பு அன்று. அவ்வாறு சென்றவர்களுள் நம்மவரும் உண்டு.

என் சிற்றப்பா ஒருவர் 1942-இல் சேர்ந்து 1946-இல் திரும்பினார். போர்முனைக்கு உணவும் பொருளும் கொண்டுசெல்லும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்னும் பிரிவில் லாரி ஓட்டுநராக இருந்தவர். திரும்பியபின் ஏர் பிடித்தார். பொழுது சாயுமுன் உண்ணும் நியமத்தை இறுதிவரை வழுவாது காத்தார். போரைப் பற்றி வாய் திறந்ததில்லை. இப்பொழுது அவருடைய பேரன், "அத்தை, தாத்தா பர்மாவில் சண்டை போட்டவர். அவருடைய படைப்பிரிவு எங்கெங்கே போயிற்று என்று கண்டுபிடித்துக் குடும்ப வரலாற்றில் எழுத வேண்டும்" என்கிறான். அவன் தந்தை, எனக்குத் தம்பி முறை, "வேண்டாம் அக்கா, நோன்பு நோற்கும் வீட்டுக்கு அந்தப் பேச்சு எதற்கு?" என்கிறார். இருவர் கூற்றையும் எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதற்கண், இத்தகைய தேடலில் என்ன கிடைக்கும் என்பதைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். சிற்றப்பாவின் பெட்டியில் இருந்தவை மூன்று: 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார், போர்ப் பதக்கம். இந்தியப் படையினர்க்கு வழங்கப்பெற்ற பதக்கங்கள் பலவற்றின் பின்புறத்திலோ விளிம்பிலோ படை எண்ணும் பெயரும் பிரிவின் சுருக்கெழுத்துகளும் பொறித்திருப்பர். தேடுவோர் பூதக்கண்ணாடி கொண்டு முதலில் நோக்க வேண்டியது அதனையே. எண்ணும் பிரிவும் தெரிந்தால், அப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம். சென்னைப் படைப்பிரிவின் மையம் நீலகிரியில் வெலிங்டனிலும், சென்னை சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் மையம் பெங்களூரிலும் உள்ளன. போர்முனையில் இருந்த பிரிவுகள் நாள்தோறும் எழுதிய போர் நாட்குறிப்புகள் இலண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் தேதி, இடம், நிகழ்ச்சி ஆகியவை இருக்கும். அதிகாரிகளின் பெயர்கள் இருக்கும். சிப்பாய்களின் பெயர்கள் காண்பது அரிது. போரில் மாண்டோர்க்கோ காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் உண்டு. யாங்கோன் அருகில் தௌக்கியான் என்னுமிடத்து நினைவு மண்டபத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உயிரோடு திரும்பி வயலுக்குச் சென்றவரைத் தேடுவதுதான் கடினம்!

பர்மா ஸ்டார் பெற்றவர் என்றதும் அடர்ந்த காட்டில் துப்பாக்கியேந்தி நின்றவர் என்று பேரன் முடிவு செய்துவிட்டான். அப்பதக்கத்தின் விதி அவ்வளவு சொல்லவில்லை. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மாப் போர்முனையில் பணியாற்றியவர்க்கு அது உரியது. ஆனால் 1942 மே முதல் 1943 முடிய வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் போர்ப்பணி புரிந்தவர்க்கும் உரியது. போர்ப் பதக்கத்துக்கோ 28 நாள் முழுநேரப் படைப்பணியே போதுமானது. ஆகவே பதக்கம் ஒருவர் இருந்த காலத்தையும் களத்தையும் சொல்லும். அவர் கையையோ உள்ளத்தையோ சொல்லாது.

நம் நாட்டில் இவ்வழக்கம் புதிதன்று. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஊர்த் தொறு மீட்கும் பூசலில் வீழ்ந்தான் என்னும் செய்தியைக் கல் கூறும். எடுத்தனூர்க் கல்லில் கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாய்க்கும் இடமுண்டு என்பதைப் பள்ளியில் வரலாறு கற்பித்த நாளில் சொன்னால் பிள்ளைகள் மகிழ்வர். அக்கற்களும் வீழ்ந்தவனின் உட்கருத்தைச் சொல்வதில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்திய நடுகல்லும் கியூவிலுள்ள நாட்குறிப்பும் இவ்வகையில் ஒன்றே.

நம் சமயமோ உட்கருத்தையே முதன்மையாகக் கொள்கிறது. உயிர் பிரிதல் திரவிய ஹிம்சை. உயிரைப் பிரிக்கும் எண்ணம் எழுதல் பாவ ஹிம்சை. வினை பின்னதைப் பற்றியே கட்டுகிறது. ஒரு சான்று காண்போம். சென்னை சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞானோ என்னுமிடத்தில் கண்ணிவெடிகளை அகற்றுங்கால், வெடிக்கவிருந்த ஒன்றின்மேல் தம் உடலைச் சாய்த்து உடனிருந்தோரைக் காத்து மாண்டார். அவர்க்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அந்நொடியில் அவர் உள்ளத்தில் இருந்தது கொலையா, கருணையா? சீருடை ஒன்றை மட்டும் கண்டு இதற்கு விடை கூற முடியுமா?

ஆயினும் இதனைச் சாக்காகக் கொண்டு, "சிற்றப்பா லாரி ஓட்டியவர்தாமே, எவரையும் சுடவில்லையே" என்று ஆறுதல் கொள்வதற்கும் நம் நூல்கள் இடம் தரவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்றையும். மனம், மொழி, மெய் என மூன்றையும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றையும். கோபம் முதலிய கஷாயங்கள் நான்கையும் பெருக்கி 108 வகை காட்டுகிறது. லாரியில் ஏற்றிய குண்டு வேறொருவர் கையால் வெடித்தாலும் கணக்கில் ஏற்றியவர்க்கும் ஓர் இடம் உண்டு. அரிசி மூட்டை மட்டுமே ஏற்றினார் என்று கொண்டாலும் அது எளிய செய்தியன்று. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம். ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் மாண்டனர் என மதிப்பிடுவர். படைக்குரிய அரிசி அம்மக்களைக் கடந்தே சென்றது. சிற்றப்பா வாய் திறந்ததில்லை என்றேன். ஒருமுறை தம் துணைவியாரிடம் மட்டும், வங்காளத்தில் சோற்றைக் கேளாமல் வடித்த கஞ்சியைக் கேட்டு நின்றவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பர்மாவைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை.

இல்லறத்தார்க்கு விரோத ஹிம்சை முற்றிலும் விலக்கப்பட்டதன்று. தன்னையும் நாட்டையும் காக்க எதிர்த்து நிற்றல் அணுவிரதிக்கு ஒக்கும் என்பர் சிலர். மெய்தான். ஆனால் 1939 செப்டம்பரில் இந்தியத் தலைவர்களைக் கலவாமலேயே வைசிராய் இந்நாட்டைப் போரில் இறக்கினார். அது யாருடைய போர்? மறுபுறம், 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு விழுந்தது. சென்னை நகர மக்கள் மூட்டை முடிச்சுடன் ஊர்ப்புறம் ஓடினர். அவ்வாண்டில் சேர்ந்த இளைஞர் காவலை எண்ணினாரா, கடனை எண்ணினாரா? என்னால் சொல்ல இயலாது. அவர் வினைக்கணக்கைத் தீர்த்து எழுதும் உரிமையும் எனக்கில்லை.

நம் கணக்கோ நம் கையில் இருக்கிறது. மேலே சொன்ன மூன்றனுள் உடன்படுதல் என்பது இறந்தவர்க்கு உரியதன்று. படிக்கும் நமக்கு உரியது. "தாத்தா எத்தனை பேரைச் சுட்டிருப்பார்?" என்று பேரன் கண்கள் ஒளிரக் கேட்டபோது, என்றோ நிகழ்ந்த கொலை ஒன்றை இன்று உவந்து ஏற்கும் எண்ணம் அங்கே முளைத்தது. நடந்ததோ நடக்கவில்லையோ அறியோம். உவகை மட்டும் இப்பொழுது நடந்தது. இதனை அவனிடம் கடிந்து கூறாமல் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

தம்பியின் மறுப்பும் தூயது என்று ஒப்ப என்னால் இயலவில்லை. வீட்டுப் பெயருக்கு மாசு என்று அஞ்சி ஒரு மனிதரின் நான்கு ஆண்டுகளை இல்லாதவையாக்குவது சத்திய விரதத்துக்கு ஏற்குமா? பேரன் விரும்புவதும் பெருமை, தம்பி காக்க விரும்புவதும் பெருமையே. கங்க மன்னரின் படைத்தலைவராகிய சாமுண்டராயர் பல போர்களில் வென்றவர். அப்போர்களால் பெற்ற பட்டங்களை அவர் மறைத்தாரில்லை. ஆயினும் ஏறத்தாழ 981-இல் சிரவணபெளகொளக் குன்றின்மேல் 57 அடி உயரத்தில் அவர் நிறுவியது தம் வெற்றியின் உருவத்தையன்று. படைகள் மடியாதிருக்க அண்ணனோடு தாமே கண்ணாலும் நீராலும் மல்லாலும் பொருது, வென்ற பின் அவ்வெற்றியைத் துறந்து நின்ற பாகுபலியின் உருவத்தை. அவ்விரண்டையும் ஒருவரே வைத்திருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தேடுவது என்று முடிவாயிற்று. பதக்கத்திலிருந்த எண்ணைப் படித்தெடுத்து ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பியுள்ளோம். குடும்பக் குறிப்பேட்டில் இப்போதைக்கு ஐந்து வரிகளே உள்ளன: சேர்ந்த ஆண்டு, பிரிவு, பணி, பதக்கங்கள் மூன்றும் அவை வழங்கப்பட்ட விதியும், திரும்பிய ஆண்டு. "சண்டை போட்டார்" என்று எழுதியிருந்ததைப் பேரன் தானே அடித்து, "பணிபுரிந்தார்" என்று திருத்தினான். கீழே அரைப் பக்கம் வெற்றிடம் விட்டிருக்கிறான். கஞ்சி கேட்டு நின்றவர்களைப் பற்றிய செய்தியையும் அங்கே எழுத வேண்டும் என்று சொன்னவர் தம்பி.