பிற சமயம் அறிதலும் தன் சமயம் பேணலும்

சமயம் என்பது மனித உள்ளத்தில் ஆழ வேரூன்றிய ஒன்றாகும். ஆதலினாலே சமயத்தைப் பற்றிய பேச்சு எளிதிற் பூசலாக மாறிவிடுகின்றது. சைவக் குடும்பத்திலே பிறந்த ஓர் இளைஞன் கிறிஸ்தவ நண்பனிடம், "கடவுள் ஒருவரே என்றால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவரைச் சொல்வது ஏன்? ஒருவர் சிலுவையில் இறந்தால் மற்றவர்களின் பாவம் எப்படி நீங்கும்?" என்று வினவுகின்றான் என வைத்துக்கொள்வோம். இதை அறிந்த வீட்டார், பிள்ளை மதம் மாறப் போகின்றான் என அஞ்சுகின்றனர். நண்பனோ, இவன் பரிகாசம் செய்கின்றானோ என ஐயுறுகின்றான். அல்லது, இவனைச் சபையிற் சேர்த்துவிடலாம் என எண்ணுகின்றான். அறிய விரும்பிக் கேட்டவனுக்கு விடை மட்டும் கிடைப்பதில்லை. பிற சமயத்தைக் கேட்டறிதல் சொந்தச் சமயத்துக்குச் செய்யும் துரோகமாகுமா என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்து வரலாறே விடை தருகின்றது. 1822 ஆம் ஆண்டு நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். அப்பாடசாலைக்குப் பொறுப்பாயிருந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் நாவலரைத் துணையாகக் கொண்டார். மொழிபெயர்ப்பு என்பது ஒவ்வொரு சொல்லின் உட்பொருளையும் கேட்டுத் தெளிந்தாலன்றி முடியாத வேலையாகும். கிறிஸ்தவர்களின் திருநூலை அவ்வளவு நெருங்கிக் கற்ற நாவலர் சைவராகவே வாழ்ந்தார். 1848 ஆம் ஆண்டிலே மிஷன் பாடசாலைப் பணியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854 இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்னும் நூலிலே, சைவக் கிரியைகளைப் பழித்தோருக்கு விவிலியத்திற் கூறப்படும் யூதரின் ஆலய வழிபாட்டு முறைகளையே எடுத்துக் காட்டி மறுமொழி கூறினார். அறியாத ஒருவரால் அத்தகைய மறுமொழி கூறியிருக்க இயலாது. கேட்டறிந்தமை அவரது பற்றைக் குலைக்கவில்லை, அதற்கு அரணாயிற்று.

பேர்சிவல் பாதிரியாரும் கற்பிக்க வந்து கற்றுக்கொண்டவரே. தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி யாழ்ப்பாணத்திலே அவர் நூலாக வெளியிட்டார். இருவரும் சமயத்தால் வேறுபட்டவர்கள். ஆயினும் ஒருவர் அறிவை ஒருவர் மதித்ததனாலேயே கூடிப் பணிபுரிய முடிந்தது. பின்னர் நாவலரின் கண்டனங்கள் கடுமையாயிருந்தன என்பதும் உண்மை. மிஷனரிமாரின் பிரசுரங்களும் மென்மையானவையல்ல. எனவே மதித்துப் பேசுதல் என்பது மறுக்காதிருத்தல் அன்று. மறுப்பதாயின் அறிந்து மறுத்தலாகும்.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட இன்னொரு நிகழ்ச்சி தமிழகத்துத் தரங்கம்பாடியிலே இடம்பெற்றது. 1706 இல் அங்கு வந்த ஜேர்மனியப் பாதிரியார் சீகன்பால்குவும் அவரது உடன் ஊழியர் கிறண்ட்லரும் தமிழ் அறிந்தோருக்கு வினாக்கள் எழுதி அனுப்பி, விடைகளைக் கடிதங்களாகப் பெற்றனர். 99 கடிதங்கள் ஜேர்மன் மொழியில் ஆக்கப்பட்டு, 1714 இலும் 1717 இலும் ஹாலே நகரிலே அச்சேறின. கிறிஸ்தவர்களின் போதனை நல்லதாயினும், இங்கு வந்த ஐரோப்பியரின் குடியும் நடத்தையும் அதற்கு ஒவ்வாதவை என அக்கடிதங்களிலே சிலர் வெளிப்படையாகவே எழுதினர். தம் பக்கத்தாரைக் குறைகூறிய அவ்விடைகள் மறைக்கப்படாமல் அச்சிடப்பட்டமை நோக்கற்பாலது. கேள்வி கேட்பவன் தனக்குக் கசக்கும் விடையையும் ஏற்கும் மனமுடையவனாய் இருத்தல் வேண்டும்.

சைவ மரபுக்கும் இது புதியதன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே பரபக்கம் என ஒரு பகுதியை வகுத்து, பிற மதத்தவரின் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுத்தார். ஒருவருடைய கொள்கையை, "ஆம், நான் சொல்வது இதுவே" என அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்க இயலாதவருக்கு அதனை மறுக்கும் தகுதி இல்லை. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கினுள்ளும் கேட்டலே முதற்படியாகும்.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பசித்தவனும் நோயாளியும் பிள்ளையை இழந்த தாயும் உதவி நாடி நிற்கையில், உதவியோடு சமயத்தையும் சேர்த்துக் கொடுப்பது கலந்துரையாடல் ஆகாது. மறுத்துச் சொல்ல இயலாத நிலையில் இருப்பவருடன் விவாதம் நிகழ்வதில்லை. அவ்வாறே, ஐயம் கேட்ட பிள்ளையை அதட்டி வாய்மூடச் செய்வதும் சமயப்பற்று ஆகாது. வீட்டிலே விடை பெறாத பிள்ளை வேறிடத்தில் விடை தேடும். அப்பொழுது பழி பிள்ளையை மட்டும் சாராது. தம் சமயத்தைத் தாமே கற்காமலும் கற்பிக்காமலும் விட்ட பெரியோரையும் சாரும்.

கிறிஸ்தவர் தம் நம்பிக்கையை மறைக்காது சொல்லட்டும். கேட்பவர் இகழாது கேட்டு, ஒவ்வாததை ஒவ்வாது என்று பணிவோடு கூறட்டும். உரையாடல் முடிந்தபின் ஒருவர் கோயிலுக்கும் மற்றவர் தேவாலயத்துக்கும் சென்று, மறுநாளும் முகம் மலர்ந்து சந்திப்பாராயின் அதுவே நல்லுரையாடலாகும். தன் சமயத்தைக் கற்றுத் தெளிந்தவர்க்குப் பிறர் சமயத்தைக் கேட்பதில் அச்சமில்லை. அத்தகைய தெளிவை எல்லாம்வல்ல இறைவன் அடியார் அனைவருக்கும் அருள்வாராக.