விற்றது உழைப்பைத்தான்!

கூலி கொடுப்பவன் எதை வாங்குகிறான்? உழைப்பையா, உழைப்பவனையா?

பண்ணையம் கோலோச்சிய நாளில் இந்தக் கேள்வி எழவில்லை. பண்ணையாள் உண்பதும் உறங்குவதும் ஆண்டையின் கண்ணசைவில்! இன்று பண்ணை போயிற்று, கணிப்பொறி வந்தது. ஆண்டையின் கண் மட்டும் போகவில்லை. கண்ணாடிக் கண்ணாகிக் கூரையில் தொங்குகிறது. திரைக்குள்ளும் புகுந்து, யார் யாருக்கு என்ன எழுதினர் என்று வேவு பார்க்கிறது.

"வேலை நேரத்தில் சொந்த அலுவல் பார்ப்பது முறையோ?" என்பர். முறையன்று. பிள்ளைகள் காத்திருக்கக் கைப்பேசியில் கண் பதிக்கும் ஆசிரியன் களவாடுவது ஏழையின் காலத்தை. என் தொழில் என்பதற்காக அதை மறைக்கமாட்டேன். அரசு ஊழியர் அலுவலக நேரத்தில் சொந்தத் தேவைக்குக் கைப்பேசி பயன்படுத்தலாகாது, அதற்கு விதி வகுக்கவேண்டும் என 2022 மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கூறிற்று. திருச்சியில் சுகாதாரத் துறைப் பணிமனை ஊழியர் ஒருவரின் வழக்கு அது. உடன் பணியாற்றுவோரைப் படம் பிடித்தார் என்பதே அவர்மீது இருந்த புகார்! ஊழியர் படம் பிடித்தால் ஒழுங்கீனம். முதலாளி நாள் முழுதும் படம் பிடித்தால் நிர்வாகமா?

ருமேனிய நாட்டுப் பொறியாளர் ஒருவர் அலுவலகக் கணக்கின் வழியே உடன்பிறந்தவரோடும் மணம் பேசிய பெண்ணோடும் உரையாடினார். நிறுவனம் அவ்வளவையும் பதிவு செய்து, 2007-இல் அவரை வேலைநீக்கியது. அவர் போராடினார். 2017 செப்டம்பர் 5-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அவர் பக்கம் நின்றனர். 6 பேர் மறுத்தனர். கண்காணிக்கவே கூடாது என்றல்ல தீர்ப்பு; எதை, எவ்வளவு, எதற்காக என்று முன்கூட்டிச் சொன்னாயா என்பதே கேள்வி.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னர், ஆகஸ்ட் 24-இல், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக உரைத்தனர். ஆனால் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, முதலாளியை இழப்பிலிருந்து காக்கவென்றால், தொழிலாளியின் இசைவு கேளாமலே அவன் தகவலைக் கையாள வழிவிட்டிருக்கிறது. கோட்டைக்குக் காவல்; கொல்லைப்புறக் கதவு திறப்பு!

வேலையை அளக்கட்டும், மறுக்கவில்லை. குறைந்தால் கேட்கட்டும், தடுக்கவில்லை. ஆனால், தாய்க்கு எழுதிய இரண்டு வரியைப் படித்தால் எந்த வேலை பெருகும்? அச்சம் பெருகும்; அடிமைப்புத்தி பெருகும்.

வரதராஜன்பேட்டையின் முந்திரித் தோப்புகளைத் தாண்டிச் சென்னைக்குப் பிழைக்கப் போகும் தோழனே! ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேள்: எதைப் பார்ப்பீர், எவ்வளவு பார்ப்பீர், எவர் பார்ப்பர்? தனித்துக் கேட்டால் வாயாடி என்பர். சங்கமாய்க் கேட்டால் விடை சொல்லித்தான் ஆகவேண்டும்!