தலையசைப்பு

வகுப்பறையில் ஆசிரியர் கேட்கும் வினாக்களுள் பயனற்றது ஒன்றுண்டு. ‘புரிந்ததா?’ என்பதே அது. ‘புரிந்தது ஐயா’ என எல்லாக் குரல்களும் ஒருமித்து எழும். விடைத்தாள் வேறு கதை சொல்லும். பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் இதுபற்றி எச்சரித்ததுண்டு. அதன் முழுப்பொருளை நான் உணர்ந்த இடமோ ஒரு மருத்துவமனை.

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத்தில் பால்மரம் வெட்டி முதுமையெய்திய என் பெரியம்மாவை இம்மாநிலத்து மருத்துவமனையொன்றில் சேர்த்திருந்தோம். மருந்துடன் வந்த தாதி, அடுத்த படுக்கையில் உறங்கியவரின் பெயரை மலாய்மொழியில் சொல்லி, ‘நீங்கள்தானே?’ என்றார். பெரியம்மா தலையசைத்தார். நான் அருகிலிருந்ததால் மருந்து உரியவரிடம் சென்றது. ஏன் தலையசைத்தீர்கள் என வினவினேன். ‘மிசி கேக்கும்போது இல்லேன்னு எப்படிப்பா சொல்றது?’ என்றார். தண்டலுக்கும் கிராணிக்கும் துரைக்கும் ஆமென்றே பழகிய தலை அது.

இத்தகைய பிழையைத் தடுக்கவே கையில் கட்டும் அடையாளப் பட்டையும் அதனைப் படிக்கும் கருவியும் வந்தன. 1999இல் சிலாயாங் மருத்துவமனையும், 2004இல் ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் நோயாளர் ஏடுகளைக் கணினியில் பேணும் மருத்துவமனைகளாக எழுந்தன. ஒரே பெயருடைய இருவரையும் அடையாள அட்டையின் 12 இலக்கங்கள் பிரித்துக் காட்டிவிடும். கருவி மரியாதைக்காகத் தலையசைப்பதில்லை. கருவிகள் மனித நேயத்தைக் கெடுக்குமென்று அஞ்சும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தவறான மருந்தைப் புன்னகையுடன் கொடுப்பது நேயமாகாது.

ஆயினும், அப்பட்டையை முதன்முதலில் கட்டுபவர் யார்? ஒரு மனிதரே, அதுவும் மற்றொரு மனிதரிடம் பெயர் கேட்டறிந்த பின்னரே. அங்கும் ‘நீங்கள் இன்னார்தானே?’ என்று கேட்டால், அங்கும் தலையசைப்பே விடை. அதன்பின் கருவி அப்பிழையை வேளைதோறும் சரியென்றே உறுதிசெய்யும். ஐயுற்று முகம் பார்க்கும் தாதியும் கருவியின் சொல்லை நம்பி அமைதியடைவார்.

பெயர், பிறந்த நாள் போன்ற இரண்டு அடையாளங்களையேனும் ஒப்பிட வேண்டுமென்றும், அறை எண் அவற்றுள் ஒன்றாகாதென்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் அறிவுறுத்தியது. நன்று. எனினும் கேட்கும் முறையிலன்றோ யாவும் அடங்கியுள்ளது! பிழை நேர்ந்தால் கருவியைப் பழிப்பாரும், தலையசைத்த மூதாட்டியைப் பழிப்பாரும் உளர். கேட்டவரே பொறுப்பென்பது என் கருத்து. ஆமென்பதன்றி வேறு விடைக்கு இடந்தராத வினா, வினாவன்று, கட்டளை. ‘உங்கள் பெயர் என்ன?’ என்று அவரறிந்த மொழியில் கேட்டுக் காத்திருக்கச் சில நொடிகளே ஆகும்.

தாதியரை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை. ‘ஆமாம் ஐயா’ என்பதையே பணிவெனப் பாராட்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமும்தாம். அண்மையில் ஆறாம் ஆண்டு வகுப்பில், வருகைப் பதிவின்போது ஒரு மாணவனை வேண்டுமென்றே வேறொருவன் பெயரால் அழைத்தேன். ‘ஐயா’ என்று எழுந்து நின்றான்.