கல்லூரி அனுமதியும் கத்தோலிக்க மனச்சாட்சியும்

பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு கவலை குடிபுகுந்துவிடுகிறது. எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? இடம் கிடைக்குமா? யாரைப் பிடித்தால் காரியம் ஆகும்? பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், பங்குத்தந்தையின் கடிதம், வதிவிடத்தை நிரூபிக்கும் பத்திரங்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறோம். எல்லாம் சேர்ந்தபின் விண்ணப்பப் பத்திரத்தை விரித்து வைத்துப் பேனாவை எடுக்கும்போதுதான் சோதனை வருகிறது. உள்ளதை உள்ளபடி எழுதினால் இடம் கிடையாது போலிருக்கிறது. ஒரு சிறு மாற்றம் செய்தால் கிடைத்துவிடும். என்ன செய்வது?

அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தர அனுமதிக்குக் கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிடுகிறது. வதிவிடம் எவ்வளவு அண்மையில் உள்ளது, பெற்றோர் பழைய மாணவர்களா, சகோதரர் அங்கே படிக்கின்றனரா என்பவற்றுக்கெல்லாம் அதிலே கணக்கு உண்டு. தனியார் கல்லூரிகளில் அந்தக் கணக்கைப் பெரும்பாலும் நிர்வாகமே வகுத்துக்கொள்கிறது. அதிலும் வகுப்புக்கு ஒரு பிரிவோ இரு பிரிவுகளோ மட்டும் உள்ள சிறிய கத்தோலிக்கக் கல்லூரியில் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே அங்கே ஆசையும் அதிகம், சோதனையும் அதிகம்.

பிறர் காசில் ஒரு சதம் தொடாதவர்கள் நம் மத்தியில் நிறையப் பேர் உண்டு. அவர்களுள் சிலரே இந்தக் காரியத்தில் மட்டும் குடியிராத வீட்டைக் குடியிருக்கும் வீடாகக் காட்டுகிறார்கள், உறவினரின் மின்சாரப் பட்டியலைத் தம்முடையதாக்க வழி தேடுகிறார்கள், சத்தியக்கடதாசியிலும் கையொப்பமிடுகிறார்கள். கேட்டால், "பிள்ளைக்காகத்தானே" என்கிறார்கள். அந்தப் பதிலைச் சற்று நிறுத்திச் சிந்திப்போம்.

பெற்றோரின் நியாயம்

முதலில் பெற்றோரின் பக்கத்து நியாயத்தைக் கேட்க வேண்டும். பிள்ளைகளின் முதற் கல்விமான்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை கற்பிக்கின்றது. தம் பிள்ளைக்கு நல்ல கல்வியையும் விசுவாச வளர்ப்பையும் தேடுவது பெற்றோரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். அந்தக் கடமையைச் செய்யவே ஒரு தகப்பன் அலைகிறான். அவனைப் பேராசைக்காரன் என்று ஒதுக்கிவிடுவது நீதியாகாது.

நம் முன்னோரும் ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தை முடித்து வை என்றார்களே என்று சிலர் நியாயம் காட்டுவார்கள். கொஞ்சம் படித்தவர்கள் வள்ளுவரையே துணைக்கு அழைப்பார்கள். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் அவர் கூறுவது உண்மையே. ஆனால் அங்கே வள்ளுவர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். விளையும் நன்மை குற்றமற்றதாக, ஒருவருக்கும் தீங்கு தராததாக இருக்க வேண்டும். நாம் எழுதும் பொய் அந்த நிபந்தனைக்கு உட்படுமா என்பதே கேள்வி.

பயன்தரும் பொய்யா, தீங்கிழைக்கும் பொய்யா?

பொய்யைப் பற்றித் திருச்சபையின் மறைவல்லுநர்கள் ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள். புனித அகுஸ்தீனார் ஏறக்குறைய கி.பி. 395இலும் பின்னர் 420ஆம் ஆண்டளவிலும் இதற்கென்றே இரு நூல்களை எழுதினார். எவ்வளவு நல்ல நோக்கத்துக்காகவும் பொய் சொல்லலாகாது என்பது அவருடைய முடிவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவைனாஸ் அதே முடிவை ஏற்றுக்கொண்டு, பொய்களை மூன்றாக வகுத்தார். விளையாட்டுக்குச் சொல்லும் பொய் ஒன்று. ஒருவருக்கு உதவுவதற்காகச் சொல்லும் பொய் மற்றொன்று. பிறருக்குத் தீங்கிழைக்கும் பொய் மூன்றாவது. மூன்றும் தவறு என்றாலும் மூன்றும் ஒரே பாரமுடையவை அல்ல. முதலிரண்டும் தம்மளவில் சாவான பாவமாகா என்றும், மூன்றாவதே இயல்பிற் பாரதூரமானது என்றும் அவர் விளக்கினார்.

விண்ணப்பப் பத்திரத்திற் பொய் எழுதும் பெற்றோர் தாம் இரண்டாம் வகைப் பொய்யைச் சொல்வதாகவே எண்ணுகிறார்கள். பிள்ளைக்கு உதவி, யாருக்கும் நட்டமில்லை. இந்த எண்ணத்தில்தான் பிழை இருக்கிறது. வகுப்பில் முப்பத்தைந்து இடங்கள் உண்டென்று வைத்துக்கொள்வோம். நம் பிள்ளை பொய்யின் பலத்தால் முப்பத்தைந்தாவது பிள்ளையாகச் சேர்ந்தால், உண்மையாகவே அந்த இடத்துக்கு உரிய பிள்ளை முப்பத்தாறாவதாகி வெளியே நிற்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாது. அதன் தாயின் முகத்தை நாம் கண்டதில்லை. காணாத காரணத்தாலேதான் நம் மனச்சாட்சி இலகுவாக உறங்குகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து அப்பத்தைப் பறிக்க நம்மால் முடியாது. ஆனால் எங்கோ இருக்கும் ஒரு பிள்ளையின் இடத்தை ஒரு பேனாக் கோட்டினால் எடுத்துவிட முடிகிறது. இடங்கள் எண்ணப்பட்டவையாக இருக்கும்வரை இது உதவிப் பொய் ஆகாது. தீங்கிழைக்கும் பொய்யின் வரிசையிலேயே வைக்க வேண்டியதாகும். வள்ளுவர் கேட்ட குற்றமற்ற நன்மையும் இங்கே இல்லை.

இதனால் நம் குடும்ப விடயங்கள் யாவற்றையும் அதிபரின் முன் கொட்ட வேண்டும் என்பதில்லை. கேட்கப்படாததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. விவேகத்தோடு ஒன்றை மறைத்து வைக்கலாம் என்று புனித தோமசும் ஏற்கிறார். உரிமையோடு கேட்கப்பட்ட கேள்விக்கு இல்லாததை உள்ளதென்று எழுதிக் கையொப்பமிடுவதே நாம் பேசும் குற்றம்.

ரெபேக்காளின் தாயன்பு

விவிலியத்திலே ஒரு தாய் தன் பிள்ளைக்காக இப்படியொரு காரியம் செய்தாள். கண்பார்வை மங்கிய ஈசாக்கு மூத்த மகன் ஏசாவை ஆசீர்வதிக்க இருந்தபோது, ரெபேக்காள் இளைய மகன் யாக்கோபுக்கு ஏசாவின் உடையை உடுத்தி, கைகளிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டியின் தோலைச் சுற்றி அனுப்பினாள். வேறொருவனாகக் காட்டும் அத்தாட்சிகளை அவள் தன் கையாலேயே தயாரித்தாள். யாக்கோபு தயங்கினான். பிடிபட்டால் ஆசீருக்குப் பதில் சாபம் வந்துவிடுமே என்பது அவன் பயம். அந்தச் சாபம் தன்மேல் வரட்டும் என்று தாய் சொல்லிவிட்டாள்.

அவளுடைய அன்பை எவரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் நடந்தது என்ன? ஏமாந்த ஏசா, தனக்கு ஓர் ஆசீராவது மிஞ்சவில்லையா என்று தகப்பனிடம் கதறி அழுதான். யாக்கோபு உயிருக்கு அஞ்சி ஓடினான். சில நாட்களுக்கு என்று தாய் அனுப்பிவைத்த மகன் லாபானிடம் இருபது ஆண்டுகள் உழைத்தான். பெண் கொடுத்த விடயத்தில் அவனும் ஏமாற்றப்பட்டான். தாயும் மகனும் மீண்டும் சந்தித்ததாக வேதாகமம் ஓரிடத்திலும் கூறவில்லை. கடவுள் யாக்கோபைக் கைவிடவில்லை என்பது மெய்யே. அது கடவுளின் இரக்கத்துக்குச் சாட்சி. ஆட்டுத்தோலுக்கு நற்சான்றிதழ் அல்ல.

யாக்கோபுக்குத் தாய் சொல்லிக்கொடுத்தது போல இன்றும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. நேர்முகப் பரீட்சையில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் மாமா வீட்டு விலாசத்தைச் சொல்ல வேண்டும் என்று ஐந்து வயதுப் பிள்ளை பாடமாக்குகிறது. பிள்ளைக்கு விளங்காது என்று நினைக்கிறோம். தான் எந்த வீட்டிற் படுத்து எழும்புகிறது என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு நன்றாக விளங்கும். நல்லொழுக்கம் கற்பதற்கென்று கத்தோலிக்கக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். அதன் வாசலிற் கால் வைக்குமுன்னரே, தேவை வந்தால் அப்பாவும் அம்மாவும் பொய் சொல்வார்கள் என்ற பாடத்தை அது கற்றுவிடுகிறது. பின்னர் கற்பிக்கப்படும் பத்துக் கற்பனைகள் இந்த முதற் பாடத்தோடு போட்டியிட வேண்டியிருக்கும்.

ஞானஸ்நானமும் பங்குத்தந்தையின் கடிதமும்

கத்தோலிக்கக் கல்லூரியின் விண்ணப்பத்தில் வேறொரு சோதனையும் உண்டு. வருடக் கணக்காகப் பூசைக்கு வராத குடும்பம் விண்ணப்பக் காலத்தில் முன்வாங்கிற் காணப்படும். அதைப் பார்த்து நாம் ஏளனம் செய்யலாகாது. ஆண்டவர் எந்த வாசலாலும் மனிதரை அழைப்பார். இடத்துக்காக வந்தவர்கள் விசுவாசத்தோடு தங்கிவிடவும் கூடும். ஆனால் அந்தக் குடும்பம் ஆண்டுதோறும் தவறாது பூசை காண்பதாக எழுதித் தரும்படி பங்குத்தந்தையைக் கேட்பது, அவரையும் பொய்க்குப் பங்காளியாக்குவதாகும். சுவாமியார் மறுத்தால் அவரைக் கல்நெஞ்சர் என்கிறோம். அவருடைய ஒப்பத்துக்கு மதிப்பு இருப்பதனாலேதானே அதைத் தேடிப் போனோம்? கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் அந்த ஒப்பத்துக்கு என்ன மதிப்பு மிஞ்சும்?

ஞானஸ்நானத்தையே இடத்துக்கான சீட்டாக நினைப்பது இன்னும் பாரதூரமானது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (868ஆம் சட்டம்), குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு அது கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற ஆதாரமான நம்பிக்கை வேண்டும் என்கிறது. சான்றிதழுக்காக மட்டும் தேவதிரவிய அனுமானத்தைக் கேட்பவர்கள் ஆண்டவரின் கொடையை அலுவலகக் கடதாசியாக்கிவிடுகிறார்கள்.

தெரிவு செய்வோரின் கடமை

பெற்றோரை மட்டும் குறை சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையே பேசியவர்களாவோம். இடம் கொடுப்பவர்களுக்கும் மனச்சாட்சி உண்டு. ஆளுக்குரிய தகுதியைப் பாராமல் ஆளையே பார்த்துக் கொடுப்பது பங்கீட்டு நீதிக்கு எதிரான பாவம் என்று புனித தோமஸ் கூறுகிறார். பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல ஆசனத்தையும் கந்தை உடுத்தவனுக்குக் காலடியையும் காட்டும் சபையைப் புனித யாகப்பரும் தம் நிருபத்திற் கண்டித்தார். எல்லாரிடமும் ஒரேவிதமாகக் கேட்டு, பற்றுச்சீட்டுக் கொடுத்து, கணக்குக் காட்டிப் பெறும் நன்கொடை ஒன்று. பட்டியலில் ஒரு பெயரை மேலே ஏற்றுவதற்காக வாங்கும் நன்கொடை வேறொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

நம் கல்லூரிகள் எவ்வாறு நம் கையில் எஞ்சின என்பதை மறக்கலாகாது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசிடம் சேர்த்தன. அந்நாட்களிற் பல இடங்களிலே பெற்றோர் பாடசாலைக் கட்டிடங்களுக்குள் தங்கியிருந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். சில கல்லூரிகள் அரச உதவியை இழந்து தனித்து நிற்கத் துணிந்தன. அன்று கல்லூரிக்காக நின்றவர்கள் எல்லாரும் பணக்காரரல்லர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பணமும் சிபாரிசும் இல்லாத காரணத்தால் வாசலில் நிற்பார்களானால், கல்லூரி தன் கடனை மறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். செல்வர்க்கு மட்டும் சேவை செய்யும் கத்தோலிக்கப் பாடசாலை அவர்களுடைய சலுகைகளையே நிலைக்கச் செய்யும் என்று உரோமையின் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 1977ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது.

"எல்லாரும் செய்கிறார்களே!"

"எல்லாரும் செய்யும்போது நான் மட்டும் உண்மை எழுதினால் என் பிள்ளை அல்லவா பலியாகிறது?" இது பாரமான கேள்வி. உண்மை எழுதினால் கடவுள் எப்படியும் இடம் வாங்கித் தருவார் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. இடம் கிடையாமலும் போகலாம். அந்த நட்டம் மெய்யான நட்டமே. ஆனால் பிறர் செய்யும் அநீதியினால் நமக்கு நேரும் நட்டத்தை, நம்மிலும் எளிய வேறொரு பிள்ளையின் தலையிற் சுமத்த நமக்கு உரிமை கிடையாது. எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்பவர் அந்த எல்லாரிலும் தம்மையும் சேர்த்து ஒருவரைக் கூட்டுகிறார், அவ்வளவே.

நேர்வழியிற் செய்யக்கூடியவை பல உண்டு. குறை இருந்தால் அதை மறையாமல் எழுதி, காரணத்தை அதிபருக்கு விளக்கலாம். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி விதிகளையும் தெரிவுப் பட்டியலையும் வெளிப்படையாக அறிவிக்கும்படி பெற்றோர் ஒன்றுகூடிக் கேட்கலாம். அண்மையிலுள்ள அரசாங்கப் பாடசாலையிற் சேர்த்து, ஞாயிறு மறைப்பாடசாலைக்குத் தவறாமல் அனுப்பலாம். 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்த நாள் முதல் இந்நாட்டிற் கற்றோங்கியவர்களிற் பெருந்தொகையினர் பெயர்பெறாத பாடசாலைகளிலிருந்தே வந்தார்கள்.

ஏற்கெனவே இவ்விதம் இடம் பெற்றுவிட்டவர்கள் என்ன செய்வது? பிள்ளையை நடுவகுப்பில் நிறுத்தினால், வெளியே நின்ற பிள்ளைக்கு அந்த இடம் திரும்பிப் போகப்போவதில்லை. ஆயினும் பிறருக்குச் செய்த நட்டத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. பாவசங்கீர்த்தனத்தோடு நின்றுவிடாமல், வசதியற்ற ஒரு பிள்ளையின் புத்தகச் செலவையோ வகுப்புக் கட்டணத்தையோ ஏற்றுக்கொள்வது தகுந்த பரிகாரமாகும். அதையும் பெயர் வெளியிடாமற் செய்வது நல்லது.

செபதேயுவின் மனைவியும் தன் இரு புதல்வருக்காக யேசுவிடம் இடம் கேட்டு வந்தாள். ஒருவனுக்கு வலப்பக்கம், மற்றவனுக்கு இடப்பக்கம். ஆண்டவர் அவளைத் துரத்தவில்லை. கேட்ட இடத்தையும் கொடுக்கவில்லை. அவள் எதையும் மறைக்காமல் நேரிலே வந்து வெளிப்படையாகக் கேட்டாள். மறுமொழி தன் விருப்பத்துக்கு மாறாக வந்த பின்னும் அவள் விலகிப் போகவில்லை. யேசு சிலுவையில் இறந்தபோது தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களுள் அவளையும் மத்தேயு குறிப்பிடுகிறார். விண்ணப்பப் பத்திரத்தை நிரப்ப இருக்கும் பெற்றோரே, அந்தத் தாயைப் போலக் கேளுங்கள். இடம் கிடைத்தாலும் கிடையாவிட்டாலும், நீங்கள் எழுதியதை உங்கள் பிள்ளை பெரியவனாகி ஒருநாள் வாசிக்கும்போது நாணாமல் இருக்கும்படி எழுதுங்கள்.