மருத்துவத்தின் நான்காம் உறுப்பு

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களைத் திருவள்ளுவர் வகுத்தமை ஆசிரியப் பெருமக்கள் அறிந்ததே. இவற்றுள் ஒன்று குறையினும் நோய் தீர்தல் அரிதாம். நுவரெலியா, அட்டன் மலைகளிலே தேயிலைக் கொழுந்து பறித்து வாழும் மக்களுக்கு இந்நான்கும் ஒருங்கே வாய்த்தனவோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தோட்டத்துரைமார் மருந்து கொடுத்திலரோ எனச் சிலர் வினவுவர். கொடுத்தனர், 1872-ஆம் ஆண்டிலேயே அதற்கெனச் சட்டமும் பிறந்தது. ஆயின், எக்கருத்தாற் கொடுக்கப்பட்டது என்பதன்றோ வினா? வண்டிக்காரன் தன் எருதுக்கு மருந்திடுவது வண்டி நில்லாமைப் பொருட்டேயாம். உழைப்பைக் கருதி அளிக்கும் மருந்து, உழைப்பு ஒழிந்த முதியோர்பாற் சுருங்குதல் இயல்பு. உயிரைக் கருதி அளிப்பதோ, கொழுந்து கிள்ளும் கைக்கும் தளர்ந்து நடுங்கும் கைக்கும் ஒரே அளவினதாம். அதுவே அறம் எனப்படும்.

தோட்டத்தார் உடல்நலம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டிருந்தது. 1948-ஆம் ஆண்டிற் குடியுரிமை மறுக்கப்பட்ட பின்னர், அவருட் பெரும்பாலார்க்கு முறையிடுதற்கு வாக்குரிமையும் இல்லையாயிற்று. 2016-ஆம் ஆண்டு அரசாங்க ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதார் நாடெங்கும் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர். தோட்டப்புறங்களிலோ 32 பேர்.

டிக்கோயாவில் 2017-ஆம் ஆண்டு 150 படுக்கைகளோடு புதிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டமை மகிழ்தற்குரியது. எனினும், வாயில் எல்லார்க்கும் திறந்திருத்தல் மாத்திரையானே நீதி நிறைவுறாது. மேற்கணக்கு லயத்திலுள்ள கர்ப்பவதி குன்றிறங்கி வரல்வேண்டும். நாட்கூலி பெறும் தாய் நோயாளியோடு சென்றால் அன்றைப் பேர் அவளுக்கு இல்லை.

ஆதலின் நான்காம் உறுப்பாகிய பேணுவோன் யாவன்? பல காம்பராக்களில் அவன் நம் மாணவனே. தாய் மலைக்குச் சென்றபின், காய்ச்சலிற் கிடக்கும் பாட்டிக்குக் கஞ்சி வார்ப்பவனும், தம்பியைத் தூக்கி வைத்திருப்பவனும் அவனே. நாமோ அவனைச் சோம்பேறி என்கின்றோம்.

ஆசிரியர்காள்! இடாப்பிலே வராதவன் பெயருக்கு நேரே குறியிட்டபின், அவன் வீட்டில் நோயுற்றார் யாரென வினவுவோமாக. அறிந்ததைச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மருத்துவமாதுக்கோ அன்றே தெரிவிப்போமாக. மலையடியிலுள்ள சிங்களக் கிராமத்து ஏழைக்கும் இக்கடன் ஒக்கும். நோய் மொழியும் குலமும் வினவி வருவதன்று. அதனைத் தீர்க்கப் புகும் நாம் வினவுதல் தகுமோ?