நாற்பதில் ஒரு பங்கு

கொடுக்கிறவனை உலகம் வள்ளல் என்கிறது. வாங்குகிறவனை என்னவென்று சொல்கிறது? இரவலன் என்கிறது, பிச்சைக்காரன் என்கிறது, கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் ‘ஏழை பாவம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே செயலில் கலந்துகொண்ட இருவரில் ஒருவன் உயர்ந்துவிடுகிறான், மற்றவன் தாழ்ந்துவிடுகிறான். தர்மம் என்னும் பெரிய காரியத்துக்குள் ஒளிந்திருக்கும் இந்தச் சிறுமையை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

முஸ்லிம்களின் கொடை என்றதும் தமிழருக்கு நினைவு வருகிறவர் கீழக்கரைச் சீதக்காதி. உமறுப் புலவரை ஆதரித்த அந்த வணிகரை, செத்தும் கொடுத்தவர் என்று பழமொழியிலேயே வைத்துப் போற்றுகிறோம். ஆனால் அந்தக் கொடை அவருடைய மனத்தின் விரிவு. அவருடைய மார்க்கம் செல்வர்களிடம் முதலில் கேட்பது வேறொன்று. அது வள்ளன்மை அன்று, கணக்கு. அதற்குப் பெயர் ஜகாத்.

தொழுகையையும் நோன்பையும் போல ஜகாத்தும் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்று. அந்த அரபுச் சொல்லில் தூய்மை என்ற பொருளும் இருக்கிறது, வளர்ச்சி என்ற பொருளும் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கும், உடுக்கும் துணிக்கும், தொழில் செய்யும் கருவிக்கும் ஜகாத் இல்லை. தங்கமானால் சுமார் 85 கிராம், வெள்ளியானால் சுமார் 595 கிராம் என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்ட செல்வம் ஒரு சந்திர ஆண்டு முழுவதும் ஒருவனிடம் தங்கியிருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டரை, அவனுடையது அல்ல. ரொக்கத்துக்கும் வியாபாரச் சரக்குக்கும் இதே கணக்குத்தான்.

விளைச்சலுக்குக் கணக்கு வேறு. வானம் பார்த்த பூமியில் விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைவித்தால் இருபதில் ஒரு பங்கு. பூமிக்குள்ளிருந்து புதையல் அகப்பட்டதென்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஐந்து, பத்து, இருபது, நாற்பது என்ற இந்த வரிசையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். மனிதன் வியர்வை சிந்தச் சிந்த அவனிடம் கேட்கும் பங்கு பாதி பாதியாகக் குறைகிறது. உழைக்காமல் வந்த பொருளில் ஊருக்குப் பங்கு அதிகம். இறைத்தவன் தோளின் வலியைக்கூட இந்தக் கணக்கு மறக்கவில்லை.

இனி, யாருக்குக் கொடுப்பது? குர்ஆன் எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. வறியவரும் தேவையுடையவரும் முதலில் வருகிறார்கள். அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட வேண்டியவரும், கடனில் மூழ்கியவரும், வழிப்போக்கரும் அந்த வரிசையில் உண்டு. சொந்த ஊரில் சொத்து இருக்கிறவன்கூட, வழியில் கையிருப்பு இழந்து தவித்தால் வாங்கலாம். ஆகவே வாங்குகிறவன் என்று ஒரு தனிச் சாதி கிடையாது. இன்று கொடுக்கிறவன் நாளை வாங்கும் இடத்தில் நிற்கலாம். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு ஜகாத் என்று கணக்கெழுத முடியாது. அவர்களைக் காப்பாற்றுவது எப்படியும் அவன் கடமைதானே!

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. செல்வரின் பொருளில் கேட்பவருக்கும், இல்லாதவருக்கும் உரிமை உண்டு என்பதே குர்ஆன் சொல்லும் முறை. இரக்கம் என்ற சொல்லுக்குப் பதில் உரிமை என்ற சொல் வந்தவுடன் எல்லாமே இடம் மாறிவிடுகிறது. கொடுக்கிறவன் வள்ளல் என்ற பீடத்திலிருந்து இறங்கிக் கடன்காரனாகிறான். வாங்குகிறவன் தனக்கு வரவேண்டியதை வாங்கிக்கொள்கிறான். கடனைத் திருப்பிக் கொடுத்ததற்காக யாராவது மாலை போட்டுக்கொள்வதுண்டா?

“இருக்கட்டும், கட்டாயத்தின் பேரில் கொடுப்பதில் என்ன புண்ணியம்? அது வரிதானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நபிகள் நாயகம் 632-இல் மறைந்த பிறகு, சில அரபுக் குலத்தார் ‘தொழுவோம், ஆனால் ஜகாத் தரமாட்டோம்’ என்றார்கள். முதல் கலீபா அபூபக்கர் அதை ஏற்கவில்லை, போர் தொடுத்தார். இறைவனை வணங்குவதையும் ஏழையின் பங்கைக் கொடுப்பதையும் பிரிக்க அவர் சம்மதிக்கவில்லை. கட்டாயம் என்பது அவ்வளவு கடுமையாகவே தொடங்கியது.

ஆனால் வாளும் சட்டமும் எவ்வளவு தூரம் போக முடியும்? வயலில் நிற்கும் பயிரையும் மேயும் மந்தையையும் அதிகாரி எண்ணிவிடலாம். பெட்டிக்குள் இருக்கும் பொன்னை எப்படி எண்ணுவது? மூன்றாம் கலீபா உஸ்மான் காலத்தில் அந்தக் கணக்கு உடையவர் பொறுப்பிலேயே விடப்பட்டது என்று மரபு சொல்கிறது. பாகிஸ்தான் அரசு 1980-இல் ஒரு சட்டம் செய்தது. ரமலான் முதல் நாளன்று வங்கிச் சேமிப்பிலிருந்து இரண்டரை சதவீதம் தானாகவே பிடிக்கப்படும் என்றது அந்தச் சட்டம். விளைவு? பலர் ரமலானுக்கு முன்பே பணத்தை எடுத்துவிட்டு, பிறகு திரும்பப் போட்டார்கள்! எடுத்தவர்கள் எல்லாரும் கஞ்சர்கள் என்று சொல்ல மாட்டேன். தன் கையாலேயே தனக்குத் தெரிந்த ஏழைக்குக் கொடுக்க விரும்பியவரும் அவர்களில் இருக்கக்கூடும். ஆனால் வாசல் வழியாகச் சட்டம் நுழைந்தால் மனிதமனம் கொல்லைப்புறமாக ஓடத் தெரிந்தது என்பது புதிய செய்தி அன்று. ஆண்டு முடியும் தறுவாயில் சொத்தை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு மறுபடி வாங்கிக்கொள்ளும் தந்திரம் பழங்காலத்திலேயே இருந்தது. 1111-இல் மறைந்த ஞானி கஸ்ஸாலி அதைக் கடிந்துகொண்டார்.

இதனால்தானோ என்னவோ, ஜகாத் நிறைவேற நிய்யத் வேண்டும் என்றார்கள் மார்க்க அறிஞர்கள். நிய்யத் என்றால் மனத்தில் கொள்ளும் எண்ணம். ‘கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறேன்’ என்ற அந்த எண்ணம் இல்லாமல் கை மட்டும் கொடுத்தால் அது வெறும் செலவு. வரிக்கு எண்ணம் தேவையில்லை, ரசீது போதும். ஜகாத் வரியிலிருந்து பிரிகிற இடம் இதுவே. எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லிவிடுகிறது. எப்படிப்பட்ட மனத்தோடு என்பதை மனிதனிடமே விட்டுவிடுகிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டி, வாங்கியவன் மனத்தைப் புண்படுத்தினால் கொடுத்தது பாழ் என்றும் குர்ஆன் எச்சரிக்கிறது.

அப்படியானால் மனம் விரிந்து கொடுப்பதற்கு இடமே இல்லையா? உண்டு. அதற்கு ஸதகா என்று பெயர். அதற்கு அளவும் இல்லை, கெடுவும் இல்லை. சீதக்காதியின் பெருமை அங்கே இருக்கிறது. ஆனால் முறை முக்கியம். ஊரெல்லாம் கடன் வைத்திருப்பவன் ஊருக்கே விருந்து வைத்தால், சாப்பிட்டவர்கள் வாழ்த்தலாம். கடன் கொடுத்தவன் வாழ்த்துவானா? நம்மில் பலர் எந்த மார்க்கத்தவராக இருந்தாலும் விருந்தில்தான் தொடங்குகிறோம். கோயிலுக்குக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்து, அதில் பெயரையும் வெட்டி வைக்கிறோம். வீட்டு வேலைக்காரியின் சம்பளத்தை மட்டும் பத்தாம் தேதி வரை தள்ளிப்போடுகிறோம். அவளுக்கு நாம் வள்ளலாக வேண்டியதில்லை. முதல் தேதியன்று அவள் கணக்கைத் தீர்த்தால் போதும்.